தடிமன் பிடிக்காத மனிதர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களுக்குத் தடிமன் பிடிப்பதே இல்லை. தும்முவார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், இருமி இருமிக் கண் கலங்குவார்கள். என்னவென்று கேட்டால் தூசி என்பார்கள், ஐஸ் தண்ணி என்பார்கள், சம்மாந்துறைப் பக்கம் வயலில் வேளாண்மை வெட்டுகிறார்கள், அந்த நெல்லுச் சுணை காற்றோடு வருகிறது என்பார்கள். நோய் என்றால் அது அடுத்தவர் கொண்டுவருவது. உங்கள் ஊரிலும் ஒருவர் இல்லாமலா இருப்பார்? கல்முனையில் ஒரு வாசிப்பு மண்டபத்துக்கு அவர் தலைவராகவே இருந்தார். பெயர் அபூசாலி ஹாஜியார். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அந்த மண்டபத்தில் ஸகியா என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். காற்றை அது இழுக்கும்போது, மனிதர் மூச்சில் வெளியேறும் வைரசும் வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டியைக் கழற்றிப் பரிசோதித்தால், பலர் படுக்கையில் விழுமுன்பே, மண்டபத்தில் என்ன நோய் உலவுகிறது என்று சொல்லிவிடலாம்.

ஹாஜியாருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

"ஆர் கொண்டு வாற எண்டும் சொல்லுமா புள்ள?"

"இல்ல ஹாஜியார். என்ன கிருமி எண்டு மட்டும்தான் சொல்லும்."

"மிச்சத்த நான் பாத்துக்கிறன்."

ஒரு காலையில் ஸகியா முடிவோடு வந்தாள். வடிகட்டியில் இன்புளுவென்சா.

"இருமல் உள்ளவங்க ஒரு கிழமை வீட்ட நிண்டாச் சரி. ஜன்னலெல்லாம் திறந்து வைங்க. பச்சப்புள்ள இரிக்கிற வீட்டுக்காரங்க இன்னும் கவனம்."

பச்சைப்பிள்ளை ஹாஜியாரின் வீட்டில்தான் இருந்தது. மகள் நஸ்லியாவின் முதல் பிள்ளை, பிறந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. அந்தப் பேரனை நினைத்ததும் அவருக்கு வீரம் வந்தது. நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு விசாரணையைத் தொடங்கினார். தையல் வகுப்புக்கு வந்த பத்துப் பெண்களில் ஒருத்தி கையில் கைக்குட்டை வைத்திருந்ததால் பத்துப் பேரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடைசியாகப் பாண்டிருப்பு இராசதுரை அகப்பட்டார், தினமும் பேப்பர் பார்க்க வருகிறவர்.

"இராசதுரை, தும்மினீங்க."

"ஒருக்காத்தானே ஹாஜியார். நீங்க விடிஞ்சதுல இருந்து இருமுறீங்க."

"இது தூசி."

"என்ட தும்மலும் அந்தத் தூசியாலதான்."

"உங்கட தூசி வேற."

மத்தியானத்துக்குள் மண்டபம் காலி. உடனே ஸகியாவைக் கூப்பிட்டுப் புது வடிகட்டி மாட்டச் சொன்னார். அவள் மாட்டிவிட்டுப் போன பின், வெளியிலிருந்து நோய் வந்துவிடக் கூடாதென்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, வேறு யாரும் நுழையாதபடி கதவையும் பூட்டி, இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்து, இரண்டு நாளும் பகல் முழுவதும் பேப்பர் படித்தார். இருமினார். பிறகு இன்னொரு பேப்பர் படித்தார்.

வீட்டில் மட்டும் தலைமை செல்லவில்லை. பேரனைத் தூக்கக் கை நீட்டினால் மனைவி கமீலா குறுக்கே நின்றாள்.

"எனக்கு ஒண்டுமில்ல கமீலா."

"ஒண்டுமில்லாத ஆள் கொஞ்சம் தள்ளி நில்லுங்களன்."

அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கமீலாவும் சரியாக உபசரிக்கவில்லை.

வடிகட்டியைக் கழற்றிக்கொண்டு போன ஸகியா, மறுநாள் முடிவோடு வந்தாள்.

"முந்தினதை விடக் கூட இரிக்கி ஹாஜியார். இந்த ரெண்டு நாளும் உள்ளுக்கு ஆராரு வந்த?"

"ஒருத்தரும் வரல்ல. நான் மட்டும்தான்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. ஸகியா நல்ல பிள்ளை. தன் பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள்.

ஒப்புக்கொண்டாரா? நீங்கள் அந்த இனத்தை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"அப்ப இந்த மெஷின்ட கிருமிதான் எனக்குத் தொத்தியிரிக்கி," என்றார்.

ஆனால் குரல் இறங்கியிருந்தது. பிறகு, "மூணு கிழமைப் புள்ளைக்கு இது வந்தா என்ன செய்யும் புள்ள?" என்று கேட்டார்.

"நீங்க தூக்கினீங்களா?"

"கமீலா விடல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்."

அவரும் சொன்னார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில், மனைவி சொன்னபடி நடந்ததற்காக அவர் அல்லாஹ்வைப் புகழ்ந்தது அதுவே முதல் தடவை.

ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். முன்னறையில் தனியாகப் பாய் விரித்தார். கமீலா வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன, தடிமனா?"

"இல்ல. ஒரு கவனத்துக்கு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொத்தமல்லி அவிக்கப் போனாள். ஒரு கிழமை அவர் அந்த அறையிலேயே இருந்தார். பேரன் அழும்போதெல்லாம் கதவுவரை வந்து திரும்பினார். பேரனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எட்டாம் நாள் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி அவனைத் தூக்கியபோது, நஸ்லியா பார்க்காத நேரமாகப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதை வாசித்தபோது உங்களுக்கு ஒரு மச்சானின் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். இதை அவரிடமே கொடுங்கள், சிரித்துச் சிரித்துப் படிப்பார். யாருடைய முகம் அவருக்கு ஞாபகத்துக்கு வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.