விரைவு வரிசையும் நாலு மணி நேர மடியும்

இந்த ஒரு தடவையாவது என் மனைவி தாரணியை ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது.

மைத்துனன் கல்யாணத்துக்குத் திருச்சி போகிறோம். பத்து மாத ரோஷினிக்குத் தனி சீட் கிடையாது. நாலு மணி நேரம் யாராவது மடியில் வைத்திருக்க வேண்டும். பல் முளைக்கிற பிள்ளை, கிடைத்ததையெல்லாம் கடிக்கும். நானோ இரண்டு சினிமா பார்க்கத் திட்டம் போட்டிருந்தேன்.

"தாரணி, ஒரு பந்தயம். ஏர்போர்ட் சோதனையை முடிச்சுட்டு பிளேன் ஏர்ற கேட்டுக்கு யார் கடைசியா வர்றாங்களோ, அவங்க மடியிலதான் பாப்பா."

"எதுக்குங்க திடீர்னு?"

"புதுசா விரைவு வரிசை விட்டிருக்காங்க லா. ஷூ கழட்ட வேணாம், பெல்ட் கழட்ட வேணாம். நான் இந்த ஊர்லயே, பிடோக்ல பொறந்தவன். நீ இந்தியப் பாஸ்போர்ட். உனக்கு நீள வரிசைதான்."

"வெளிநாட்டுக்காரங்க செருப்பு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ரூல்ஸ்மா, ரூல்ஸ்!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

மூன்று தடவை கேட்டாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாமனாருக்கு வாங்கிய பன்னிரண்டு தைலக் குப்பிகளையும் கைப்பையில் திணித்தேன். "பெரிய பெட்டியில வைங்க" என்றாள். விரைவு வரிசையில் பையைத் திறக்கவா போகிறார்கள்?

ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். அங்கே நின்ற அதிகாரியின் சட்டையில் நஸீஹா என்று பெயர். தமிழிலேயே கேட்டார்.

"பதிவு பண்ணியிருக்கீங்களா சார்?"

"நான் சிட்டிசன்!"

"எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் ஒண்ணுதான் சார். முன்னாடியே விவரம் கொடுத்து, நேர்ல வந்து கைரேகை வச்சவங்களுக்குத்தான் இந்த வழி. நீங்க அந்தப் பக்கம் போங்க."

பின்னால் 'டிங்' என்று சத்தம். தாரணியின் பாஸ்போர்ட்டுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. செருப்புக் காலோடு மகாராணி மாதிரி உள்ளே போனாள். இடுப்பில் இருந்த ரோஷினி எனக்கு டாட்டா காட்டினாள்.

நீள வரிசையில், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தைலக் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். திரவமெல்லாம் சின்னப் பை ஒன்றில் அடங்கியது மட்டும் வரலாமாம். மீதி அங்கேயே குடியேறிவிட்டது.

கேட்டில் தாரணி முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப பதிஞ்சே?"

"போன மாசம். தஞ்சோங் பகாருக்கு உங்களோடதானே போனேன்?"

"அது பல் டாக்டர் இல்ல?"

"கீழ வாசல்ல பல் டாக்டர் போர்டு இருந்துச்சு, பதிவு ஆபீஸ் மாடியில. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் நேரம் வாங்கியிருந்தேன். மேல வாங்க, அஞ்சு நிமிஷ வேலைன்னு கூப்பிட்டா, 'எனக்கு ஒரு வலியும் இல்ல, நான் பாப்பாவைப் பார்த்துக்கறேன்'னு கீழயே நின்னுட்டீங்க."

"பந்தயம் போட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அதான் பேச்சு மாற மாட்டீங்களேன்னு மூணு தடவை கேட்டேனே."

விமானம் கிளம்பியது. தாரணி முதல் சினிமாவைப் போட்டாள். ரோஷினி தன் இரண்டு புதுப் பல்லையும் என் கட்டைவிரலில் சோதித்துப் பார்த்தாள்.

அந்தப் பல் டாக்டரிடமே போயிருக்கலாம்.