மூங்கில் அண்ணாச்சியும் வழி சொல்லும் பெட்டியும்

கொச்சியில் லாரி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். லாரியாகவே நடந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் மூங்கில் அண்ணாச்சி.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். களமசேரியில் தண்ணீர் பிடித்து எறணாகுளம் ஹோட்டல்களுக்கெல்லாம் ஊற்றும் டேங்கர் லாரி ஓட்டினார். லாரியின் அகலத்தோடு இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட்டி ஒரு மூங்கிலை வெட்டி, முனைகளில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார். புதிய சந்து என்றால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, மூங்கிலைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நடப்பார். சும்மா நடந்தால் பரவாயில்லை. வாயாலேயே கியர் மாற்றுவார், வளைவில் ‘பாம் பாம்’ என்று ஹாரன் அடிப்பார், நிற்கும்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று பிரேக் காற்றை விடுவார். எதிரே வந்த ஆட்டோ ஒன்று மிரண்டு பின்னால் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

மூங்கில் எங்கும் உரசாமல் திரும்பி வந்தால்தான் லாரி உள்ளே நுழையும். இன்னொரு பைத்தியமும் உண்டு. மற்ற டேங்கர்களில் இரண்டு துண்டு ஓஸ் பைப் இருந்தால், இவர் வண்டியின் தலையில் ஆறு துண்டு சுருண்டு கிடக்கும். அரபிக்கடலை இறைக்கப் போகிறாரா என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நானும் செய்தேன்.

அப்போது நான் எறணாகுளத்தில் கார் சாமான் விற்கும் கடையில் விற்பனையாளன். வீடு மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில். தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத உட்கார்ந்தால் மலையாளம்தான் வரும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில்தான் வழி சொல்லும் ஜி.பி.எஸ். பெட்டிகள் கடைக்கு வந்தன. அண்ணாச்சியும் வந்தார்.

முதலில் காந்தம் வைத்த டார்ச் ஒன்று வாங்கினார். வண்டிக்கு அடியில் படுத்து வால்வு பார்க்கும்போது அது தானே ஒட்டிக்கொண்டு வெளிச்சம் காட்டும். போன் சார்ஜர் ஒன்று, சின்ன விசிறி ஒன்று. அப்புறம் ஜி.பி.எஸ். பெட்டிகளைப் பார்த்து, “மூணையும் எடு தம்பி, ஓட்டிப் பாத்துருவோம்” என்றார்.

“வண்டி எங்க அண்ணாச்சி?”

“நான்தான் வண்டி.”

பட்டப்பகலில், பெட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போக, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் பின்னால் வந்தார். லாரிக்கு வளைவு பெரிதாக வேண்டுமாம்; இடது பக்கம் திரும்பும்போது அகலமாகச் சுற்றி, நேந்திரங்காய் வறுவல் கடையில் நின்றிருந்த நாலு பேரை ஒதுங்க வைத்தார். முதல் பெட்டி, முனையைத் தாண்டிய பிறகுதான் திரும்பு என்றது. “செத்த பிறவு வைத்தியமா?” என்று தள்ளிவிட்டார். இரண்டாவது அடிக்கடி வழியை மாற்றியது. “சொன்ன பேச்ச மாத்துதவ நமக்கு ஆவாது.” மூன்றாவது முன்கூட்டியே நிதானமாகச் சொன்னது. அதில் பேசியது இங்கிலீஷ்காரி. லெஃப்ட், ரைட் தவிர அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் “சரிம்மா” என்று பதில் சொன்னார்.

கடைக்குத் திரும்பியதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இவளுக்கு நம்ம வண்டி அகலம் தெரியுமாடே?”

தெரியாது. அது காருக்கான பெட்டி. ஆனால் வெயிலில் லாரியாக நடந்து கால் வலித்துப்போயிருந்த நான், “எல்லாம் தெரியும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன்.

‘வீடு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, எங்கிருந்தாலும் அதை அழுத்தினால் வீட்டுக்கு வழி காட்டும், உங்கள் வீடு எது என்று கேட்டேன். “லாரிதான் வீடு. அத எங்கன்னு எழுத? சும்மா விடு” என்றார். விட்டுவிட்டேன்; மூன்றாவது பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் என் தங்கச்சி கல்யாணம். வீட்டு முற்றத்திலேயே பந்தல். மூன்று நாள் முன்பு எங்கேயோ பெரிய குழாய் உடைந்து, எங்கள் பக்கம் முழுவதும் பைப்பைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டேங்கர்களெல்லாம் முன்பதிவாகிவிட்டன. அண்ணாச்சி மட்டும் ஒப்புக்கொண்டார். “முந்துன நாளே வந்து சந்த நடந்து பாத்துருதேன்” என்றவரைத் தடுத்தவன் நான். “எதுக்கு அண்ணாச்சி? அதான் மெஷின் இருக்கே.”

முகூர்த்தம் பத்து மணிக்கு. தண்ணீர் ஏழுக்கே வர வேண்டும். ஏழரை ஆயிற்று, வரவில்லை. சமையல்காரச் சேட்டன் தண்ணீரில்லாத வெறும் அண்டாவைத் தட்டிக் காட்டினார். “வெள்ளம் இல்லாம நான் எந்தா மோனே செய்யும்? எட்டரைக்குள்ள வரலேன்னா ஆளுங்களக் கூட்டிட்டுப் போயிருவேன், கேட்டோ!” மாப்பிள்ளையின் பெரியப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். “கை கழுவத் தண்ணி இல்லாத வீட்டுலயா பொண்ணு எடுக்கறோம்?” அதை அம்மா கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

எட்டு மணிக்குச் சந்து முனையில் கூச்சல் கேட்டு ஓடினேன். டேங்கரின் மூக்கு சந்துக்குள் இருந்தது. பின்னால் தள்ளுவண்டிகளும் ஸ்கூட்டர்களும் அடைத்துக்கொண்டு நின்றன. “கேறும் அண்ணாச்சி, தைரியமா உள்ள விடு, கேறும்!” என்று ஊரே கத்தியது. அண்ணாச்சி இன்ஜினை அணைத்துவிட்டு, மூங்கிலோடு சந்துக்குள் நின்றிருந்தார். வாயில் கியரும் இல்லை, ஹாரனும் இல்லை. மூங்கிலின் ஒரு முனை மின்கம்பத்தில் முட்டி நின்றது. மறு முனை சாக்கடை ஓடையை மூடிய கான்கிரீட் சிலாப்புக்கு மேல் நீண்டிருந்தது. நிறைந்த டேங்கர் ஏறினால் சிலாப் நொறுங்கும், வண்டி பக்கத்து வீட்டின் மேல் சாயும்.

“தம்பி, இவ ‘உள்ள போ’ங்கா. கம்பு ‘ஆவாது’ங்கு. இவளுக்கு அகலம் தெரியும்னு நீதான சொன்ன? நான் யாரு பேச்சக் கேக்க?”

மணி எட்டு ஐந்து. போங்கள் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது.

“கம்பு பேச்சக் கேளுங்க அண்ணாச்சி. அவளுக்கு அகலம் தெரியாது. நான் பொய் சொன்னேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வண்டியில் ஏறி, பெட்டியைத் துண்டால் துடைத்தார். “பாவம், யாரும் சொல்லித் தராதத இவ எப்படித் தெரிஞ்சுக்கிடுவா?” என்றார். பிறகு, “உங்க வீட்டுக்குப் பின்னால என்ன?”

“சுக்குக் கிடங்கு.”

“அதுக்கு அங்கிட்டு?”

“பெரிய ரோடு.”

“அப்ப ஆறு துண்டு ஓஸ் போதும்.”

அத்தனை வண்டிகளையும் ஒதுக்கி, டேங்கரைப் பின்னால் எடுத்து, சுற்றிக்கொண்டு போய்ப் பெரிய ரோட்டில் நிறுத்துவதற்குள் எட்டு இருபது. கிடங்கின் காவல்காரச் சேட்டன் கதவைத் திறந்தாரே தவிர, புலம்பிக்கொண்டே இருந்தார். “ஒரு துளி வெள்ளம் சுக்குல விழுந்தா என்டெ ஜோலி போகும்!” ஓஸ் பைப் மூட்டைகளுக்கு நடுவே ஊர்ந்து, எங்கள் மதிலைத் தாண்டி அண்டாவில் விழுந்தது. எட்டு இருபத்தெட்டுக்குத் தண்ணீர் வந்தது. அடுப்பு எரிந்தது. பெரியப்பா கை கழுவினார், முகமும் கழுவினார்.

பத்து மணி நெருங்கியும் அண்ணாச்சியைக் காணாமல் கிடங்குக்குள் ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நட்ட நடுவில் ஒரு இணைப்பு பீய்ச்சிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதைத் துண்டால் சுற்றி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூட்டைகளுக்கு முதுகைக் காட்டி ஒரு தகர வாளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வேட்டி சட்டையெல்லாம் தொப்பல். சுக்கில் ஒரு துளி இல்லை.

“இங்க என்னத்துக்கு நிக்க? தங்கச்சிக்குத் தாலி ஏறுத நேரம். ஓடு.”

“நீங்க வரலியா?”

“விட்டா சேட்டன் வேலை போயிரும்லா?”

கெட்டிமேளம் கொட்டியபோது மதிலுக்குப் பின்னாலிருந்து ‘பாம் பாம்’ என்று ஒரு சத்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அவரைத் தேடிப் பிடித்து, அப்பாவின் வேட்டியைக் கட்ட வைத்து, எங்கள் வரிசையிலேயே இலை போட்டாள்.

அடுத்த வருடம் அந்தப் பெட்டி பேட்டரி உப்பிக் கடைக்கு வந்தது. மாற்றிவிட்டுச் சும்மா ‘வீடு’ பொத்தானை அழுத்தினேன். நான் காலியாக விட்ட பொத்தான். இங்கிலீஷ்காரி பாலங்களைக் கடந்து, மட்டாஞ்சேரிக்குள் புகுந்து, சுக்குக் கிடங்குக்கு வெளியே அன்றைக்கு டேங்கர் நின்ற அதே இடத்தில் வழியை முடித்தாள். யாரிடம் கேட்டு எப்போது பதித்தாரோ தெரியாது.

லாரி எங்கள் சந்துக்குள் நுழையாது என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்து எங்கள் வீடு ஆறு துண்டு ஓஸ் பைப் தூரம்தான்.