பக்கத்து வீட்டு டிவியில் என் திறந்த வாய்

மாமியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார் என்பதற்காகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத மருமகள் ஈப்போ வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை வெளியே சொன்னால் மருமகள்கள் சங்கத்திலிருந்து என்னை நீக்கிவிடுவார்கள். (அப்படி ஒரு சங்கம் இல்லையென்றால், என்னை நீக்குவதற்காகவே ஒன்று தொடங்குவார்கள்.)

அத்தை சாதாரண ஆள் இல்லை. தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில் ஒரு தாமான் குடியிருப்பில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் இரண்டை அவருடைய இரண்டு மகன்களும் வாங்கினார்கள். மூத்தவர் குணா மாமாவும் அவர் மனைவி புஷ்பா அக்காவும் ஒரு வீட்டில். இளையவரான என் கணவரும் நானும் அடுத்த வீட்டில். அத்தை பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே. ஒரு வீட்டுக்கு எது வாங்கினாலும் அடுத்த வீட்டுக்கும் அதையே வாங்க வேண்டும் என்பது அவர் சட்டம். அதே ரைஸ் குக்கர், அதே திரைச்சீலை, அதே டிவி. என் கணவரே ஒருமுறை வேலை முடிந்து வந்து, அங்கே சோபாவில் படுத்து அரை மணி நேரம் தூங்கியபிறகுதான் வீடு மாறியது தெரிந்து எழுந்து வந்தார்.

அத்தைக்கு நாடகம் பிடிக்காது. அவருக்கு ரெஸ்லிங்தான். நான் பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தால், அவர் குரோப்போக் வறுவல் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு டிவியைப் போடுவார். வெள்ளைக்காரர்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் மொட்டையன், தாடிக்காரன், பச்சை ஜட்டி என்று அவரே பெயர் வைத்திருந்தார். நடுவரைத் திட்டுவதற்கென்றே தோட்டத்து வசவுகள் தனியாக ஒரு மூட்டை வைத்திருந்தார். நாங்கள் இருவரும் கத்தும் கத்தில் என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். என் அம்மாவோடுகூட நான் அவ்வளவு சிரித்ததில்லை.

சனியன் பின்ஹாலில் ஆரம்பித்தது. வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய ஹாலில்தான் எங்கள் டிவி. இன்டர்நெட் பெட்டியோ வாசல் பக்கம். நடுவில் மூன்று சுவர், ஒரு சாமி மேடை, ஒரு பெரிய ஐஸ்பெட்டி. வைஃபை அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரத் தவுக்கே இரண்டு வெள்ளைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். சுவரில் ஓடும் கரண்டு வயர் வழியாகவே இன்டர்நெட்டை அனுப்புமாம்.

"செனாங் லா, அக்கா, ரொம்ப சுலபம். வாசல்ல ஒண்ணு சொருகு, டிவி பக்கத்துல ஒண்ணு சொருகு. ஹாபிஸ், முடிஞ்சது!"

சொருகினேன். வேலை செய்தது. பத்து நாள் நான் தரையில் நடக்கவில்லை. உறவில் யார் வீட்டில் ரிமோட்டுக்குப் பேட்டரி தீர்ந்தாலும் என்னிடம்தான் கேட்டார்கள். அத்தை தன் சட்டப்படி குணா மாமாவை அதே கடைக்கு அனுப்பி, அதே பெட்டிகளை வாங்கி அவர்கள் வீட்டிலும் மாட்டவைத்தார்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் டிவி, படம் பாதியில் நின்று நின்று தொங்க ஆரம்பித்தது. (இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படிக்கும் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஒன்றரை மாதம் ஆனது.)

மொட்டையன் கயிற்றின் மேல் ஏறித் தாவினான். தாவியவன் ஆகாயத்திலேயே நின்றான். அத்தை குரோப்போக்கை வாயருகே வைத்தபடி காத்திருந்தார்.

"இவன் எப்பத்தான்டி கீழ வருவான்?"

"இப்ப வந்துருவான் அத்தை."

வரவில்லை. ஒருவழியாகப் படம் நகர்ந்தபோது சண்டை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தார். எங்கள் முறை முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது துணிப்பெட்டியை எடுத்தார்.

"கோச்சுக்காத கோமளா. அங்க அவன் ஒழுங்கா விழுறான் லா."

மறுநாள் காலை புஷ்பா அக்கா துணி காயப்போட வந்தார். உதட்டில் ஒரு கிளிப்பைக் கவ்விக்கொண்டே, "எங்க வீட்ல ஒரு பிரச்சினையும் இல்ல லா, கோமளா. கண்ணாடியாட்டம் தெரியுது," என்றார். அதற்கடுத்த நாளும் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். எனக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது.

அத்தையைத் திரும்பக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். மோட்டார் ஓடும் சாமான்கள் கரண்டு வயரில் இரைச்சல் கிளப்பி இன்டர்நெட்டைக் கெடுக்கும் என்று எங்கோ படித்தேன். அவ்வளவுதான், வீட்டிலுள்ள அத்தனை சாமான்களையும் விசாரணைக்கு இழுத்தேன். ஐஸ்பெட்டியை அணைத்தேன். உள்ளே இருந்த இறால் நாறியது. சாமி மேடையில் மின்னும் சரவிளக்கை முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிடுங்கினேன். கணவர் சட்டைக்கு அயர்ன் போட வந்தால், "போடாதீங்க, நெட் போயிரும்!" என்று கத்தினேன். அவர் ஒரு வாரம் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார். வீட்டில் ஏதாவது சண்டையா என்று அவருடைய மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வியர்வையில் குளித்துக்கொண்டு உட்கார்ந்தால் டிவி தொங்கும். வாஷிங் மெஷின், மிக்ஸி, ஃபேன் எல்லாம் ஓடும்போது ஜம்மென்று படம் வரும். நோட்டில் பதினான்கு பக்கம் எழுதியும் பெட்டிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"பேசாம வாசல்லேர்ந்து ஒரு நீள வயர இழுத்துரலாம் லா," என்றார் கணவர்.

அது கோழைகள் செய்யும் வேலை என்று சொல்லிவிட்டேன்.

இந்த எரிச்சலில்தான் அந்தப் பாழாய்ப்போன வீடியோவை எடுத்தேன். பாகான் டத்தோவில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்புவதற்காக, தலையில் துண்டைக் கட்டி, உதட்டில் கிளிப்பைக் கவ்வி, இடுப்பை ஆட்டி ஆட்டிப் புஷ்பா அக்கா மாதிரி நடந்தேன். "எங்க வீட்ல பிரச்சினையே இல்ல லா, கோமளா! அத்தைக்கு எங்க வீடுதான் சரிப்பட்டு வருதாம்!" மொத்தம் இரண்டு நிமிஷம். தங்கை சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்ததாகச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் பெரிய சண்டை, மொட்டையனுக்கும் தாடிக்காரனுக்கும். நான்கு மணிக்கு இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. ஒருமுறை சோதித்துவிட்டு அத்தையைக் கையோடு அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். போனிலிருந்து ஏதாவது ஒரு வீடியோவை டிவிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். முதலில் கையில் பட்டது அந்த வீடியோ. கணவரும் வீட்டில் இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள்?

எந்த டிவிக்கு அனுப்ப என்று போன் கேட்டது. ஒரே பெயரில் இரண்டு டிவி காட்டியது. போனுக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து மேலே இருந்ததை அழுத்தினேன். என் டிவி கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு மூன்றாவது முறை அழுத்தினேன்.

சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ என் குரலில் கத்தினார்கள். "எங்க வீட்ல பிரச்சினையே இல்ல லா, கோமளா!"

முதல் இரண்டு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என் நடிப்பு இவ்வளவு தத்ரூபமா என்று. அப்புறம்தான் உறைத்தது. அந்த வீட்டில் அப்போது அத்தை, அக்கா, குணா மாமா, வெள்ளிக்கிழமைப் பிரசாதம் பற்றிப் பேச வந்திருந்த கோயில் மகளிர் குழுவில் நான்கு பேர். நான் அழுத்திய மூன்று முறையும் படம் அங்கே முதலிலிருந்து ஓடியிருக்கிறது. பிறகு ஒரே ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். அது அத்தை.

பின்பக்க வேலியோரம் அக்கா வந்து நின்றார்.

"கோமளா, நான் அப்படியா நடக்குறேன்?"

"இல்லக்கா... அது வந்து... நெட்டு சரியில்லக்கா." (உலகத்தில் இதைவிடக் கேவலமான பதில் இருந்தால் சொல்லுங்கள்.)

பின்னாலேயே வந்த அத்தை, "நட சரியாத்தான் இருக்கு. கொரல்தான் பத்தல," என்றார்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பித்தப்பை ஆப்பரேஷன் நடந்தபோது பத்து காஜா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நாற்காலியிலேயே தூங்கியவர் அவர். அவரை மகளிர் குழுவுக்கு முன்னால் கிளிப்போடு நடக்கவிட்டிருக்கிறேன். அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன்.

குணா மாமாவுக்கு மட்டும் வேறு கவலை. "அதெல்லாம் பிறகு பேசலாம். இது எப்படி எங்க டிவிக்கு வந்துச்சு?" ஃபேக்டரியில் மெஷின் பார்ப்பவர். யோசித்துக்கொண்டே போய் அவர் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தார்.

என் பின்ஹால் ஃபேன் நின்றது.

திறந்திருந்த பின்கதவு வழியாக எல்லாரும் அந்த ஃபேனையே பார்த்தோம். மாமாதான் நெற்றியில் அடித்துக்கொண்டார். நாத்தனார் கல்யாணத்தில் பந்தல் விளக்குக்கும் கிரைண்டருக்கும் கரண்டு போதாமல், அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் பின்பக்கத்துக்கு ஒரு வயர் இழுத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்தும் யாரும் அதைக் கழற்றவில்லை. பிறகு பின்ஹால் கட்டிய ஆள், சுவரோரம் தயாராக ஒரு வயர் கிடக்கிறதே என்று அதிலேயே பிளக் எல்லாம் கொடுத்துவிட்டார். நான்கு வருஷமாக என் பின்ஹால் அக்கா வீட்டுக் கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் வீட்டு ஐஸ்பெட்டியையும் முருகனையும் சந்தேகப்பட்டது சுத்த வீண். இரண்டு வீட்டுப் பெட்டிகளும் ஒரே கடைச் சரக்கு, ஒரே ரகசிய எண். முதல் பத்து நாள் வேறு பெட்டி இல்லாததால் சுற்றி வளைத்தாவது என் வாசல் பெட்டியைப் பிடித்த என் ஹால் பெட்டி, அவர்கள் மாட்டியதும் பக்கத்திலிருந்த அக்கா வீட்டுப் பெட்டியோடும் சேர்ந்துகொண்டது. என் டிவி ஒரு நேரம் எங்கள் இன்டர்நெட்டைப் பிடிக்கும், ஒரு நேரம் அவர்களுடையதைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே மொட்டையன் அந்தரத்தில்.

வயரைப் பிடுங்க மாமா ஏணி எடுத்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுக்கும் கணக்குக் கிராணி மாதிரி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வயர பிறகு கழட்டு. ஏ கோமளா, எந்த டிவில இவள நடிச்சுக் காட்டுனியோ அதே டிவில மன்னிப்புக் கேளு. நாங்க போயி உக்காருறோம்."

மகளிர் குழு இரண்டாவது தேநீருக்குத் தயாரானது. மாமா மெயின் சுவிட்சைப் போட்டார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவி, போனைச் சாய்த்து வைத்து நான்கு நிமிஷம் பேசிப் பதிவு செய்தேன். பொறாமையில் செய்தேன் என்றேன். ஆஸ்பத்திரி நாற்காலியைச் சொன்னேன். அத்தை இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னேன். கடைசியில் அழுகைகூட வந்தது. அனுப்பிவிட்டுச் சுவரில் காதை வைத்தேன்.

"அக்கா, என்னை மன்..."

அவ்வளவுதான் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த நொடி அந்த வீடே அதிர்ந்தது. இந்தமுறை சிரித்தது அத்தை மட்டுமில்லை.

அத்தை பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அக்கா, கையில் போனோடு.

"அதுக்கு மேல என்னாடி சொன்ன? வாயத் தொறந்தாப்புல நிக்கிற அங்க."

போனைப் பார்த்து நான்கு நிமிஷம் பேச முடிந்த எனக்கு, முகத்தைப் பார்த்து நான்கே வார்த்தைதான் வந்தது. "தப்புதான் அக்கா. பொறாமைல செஞ்சிட்டேன்," என்றேன். அத்தையிடம் திரும்பினேன். "நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் நல்லா இல்ல அத்தை."

"இதச் சொல்றதுக்கு எதுக்குடி டிவி?" என்றார் அத்தை. துணிப்பெட்டியை எடுத்து வரத் திரும்பி நடந்தார்.

அக்கா போனை என் முன்னால் நீட்டினார். அவர் வீட்டு டிவி முழுக்க என் முகம். ஒரு கண் பாதி மூடி, வாய் கடைவாய்ப்பல் தெரியத் திறந்திருந்தது. "போட்டோ எடுத்துட்டேன். இனி ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு," என்றார். மறுநாள் என் கணவர் இருபது நிமிஷத்தில் வாசலிலிருந்து நீள வயரை இழுத்துவிட்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, விசில் மட்டும் அடித்தார்.

அந்தப் போட்டோதான் இன்றுவரை எங்கள் குடும்பக் குரூப்பின் படம். அதோடு நின்றதா? எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் வாயால் மன்னிப்புக் கேட்பதில்லை. தப்பு செய்தவர் எதிரில் வந்து, ஒரு கண்ணைப் பாதி மூடி, வாயை ஆவென்று திறந்து, அசையாமல் நிற்பார். போன மாதம் கல்யாண நாளை மறந்துவிட்ட என் கணவர் சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து அப்படி நின்றார். கையில் ஒரு முழம் பூகூட இல்லை.

"லைன் கெடைக்கல," என்று சொல்லிவிட்டு நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் நின்றார், பாவம்.