மூன்றாம் பதிப்பைக் கட்டிப் பிடித்தவர்

பழம்பதிப்புக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதிதாக எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே மூக்கைச் சுளிப்பவர். பிரித்துப் பார்த்தபின், சுளித்ததற்குக் காரணம் தேடுபவர். இந்த இனம் எங்கும் மேயும் என்றாலும் நன்றாகக் கொழுத்து வளர்வது கதையாட்டம் ஆடுகிற மேசைகளில்தான்.

கதையாட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள், வீரன், திருடி, மந்திரவாதி என்று. கதவு உடைந்ததா, பூதம் செத்ததா என்பதைப் பகடை சொல்லும். பகடை சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதைத் தலையணை கனத்தில் ஒரு விதிப்புத்தகம் சொல்லும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிக்காரன் எல்லோரையும் திருப்திப்படுத்தப் போகிறேன் என்று அந்தப் புத்தகத்தைத் திருத்திப் புதுப் பதிப்பு போடுவான். பாவம், அவனுக்கு இந்த இனத்தைப் பற்றித் தெரியாது.

நம்முடைய ஆளுக்கு மேசையில் 'மூணாம் பதிப்பு' என்று பெயர். வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறார். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருக்கா?" என்று நாளெல்லாம் வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுகிறவர். புதுக் கண்ணாடி தலை சுற்றுகிறது என்று திரும்பி வருகிறவர்களிடம், "நாலு நாள்ல பழகிடும்" என்று சிரித்தபடி சொல்லி அனுப்புகிறவர். சனிக்கிழமை மதியம் மைத்துனன் வீட்டு மாடியேறினால் அந்த மனிதர் கழன்றுவிடுவார். மிஞ்சுவது ஒரு விரல் மட்டும். அது புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தைக் குத்திக்கொண்டே இருக்கும்.

நாலாம் பதிப்பு வந்த வாரம் அந்த விரலுக்கு ஓய்வே இல்லை. மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. புதுப் பதிப்பை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த அன்றே பழையதைக் கற்காலம் என்று பரணில் போட்டவன். ஆனால் அவன் வீட்டுக்கு அந்தச் சனிக்கிழமை ஓர் அதிசயம் வந்திருந்தது. அவனுடைய அக்கா, அதாவது மூணாம் பதிப்பின் மனைவி, பதினைந்து வருடத்துக்குப் பிறகு மேசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கிற அந்த அம்மாள் ஒருகாலத்தில் நன்றாக ஆடியவர். மூன்றாம் பதிப்பு வந்த புதிதில், அவருடைய திருடி ஒரு பூதத்தைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். பிடித்தாளா இல்லையா? அதைச் சொல்ல அந்தப் புத்தகத்தில் ஆறு பக்கம் விதி. பூதத்தின் தோள் அகலம், திருடியின் கை நீளம், தரையின் ஈரம். ஆண்கள் இரண்டே முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். அம்மாள் எழுந்தார். "பூதத்தை நான் விட்டுட்டேன்னே எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், கணவர் எவ்வளவு கெஞ்சியும் திரும்பவில்லை. இப்போது தம்பி, "அக்கா, புதுசுல அது ஒரே வரி" என்றதும் வந்துவிட்டார்.

மனிதர் சந்தோஷப்பட வேண்டாமா? பதினைந்து வருடம் கெஞ்சியவர் இல்லையா?

"ஒரு வரியா? பூதத்தைப் பிடிக்க ஒரு வரி போதுமா?" என்று எகிறினார். "இது ஆட்டம் இல்லை மச்சான், சின்னப் பிள்ளைங்க விளையாட்டு. அந்த ஆறு பக்கத்தோட அழகு தெரியுமா உங்களுக்கு?" உட்காரக்கூட இல்லை. கக்கத்திலிருந்த மூன்றாம் பதிப்பைத் தொப்பென்று மேசையில் போட்டு அந்த அழகான பக்கத்தைத் திறந்தார்.

அதிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. கூடவே ஊக்கு குத்திய பதிவுத்தபால் ரசீது. மனைவி எடுத்துப் பார்த்தார்.

"இது என் முத்திரை. நான்தான் பதிவு பண்ணி அனுப்பினேன். கம்பெனிக்கு ஏதோ எழுதறேன்னு சொன்னீங்களே, அதோட நகலா?"

"அதைக் கொடு இப்படி" என்று கை நீட்டினார். கவுண்டரில் இருபது வருடம் இருந்தவரிடமிருந்து காகிதத்தைப் பிடுங்க முடியுமா? அம்மாள் உரக்கப் படித்தார்.

'ஐயா, தங்கள் மூன்றாம் பதிப்பு ஒரு வெட்கக்கேடு. பூதத்தைக் கட்டிப் பிடிக்க ஆறு பக்கமா? என் மனைவி ஆட்டத்தை விட்டே போய்விட்டாள். அவள் இல்லாத மேசை நன்றாக இல்லை. அந்த விதியை ஒரே வரியில் எழுதித் தொலையுங்கள். அவள் வருவாள். அதுவரை நான் இரண்டாம் பதிப்பைத்தான் ஆடுவேன்.'

அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "எனக்காகவா எழுதினீங்க?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லலாம்? ஆமாம் என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் உட்காரலாம். நம்மாள் முகம் ஒரு நொடி இளகத்தான் செய்தது. பிறகு இனத்தின் குணம் மேலே வந்தது.

"எழுதினேன். அதுக்காக இவ்வளவு லேசாவா ஆக்கச் சொன்னேன்?"

அம்மாள் கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். தம்பி பக்கம் திரும்பினார்.

"அந்தப் பூதம் இன்னும் அங்கேயே நிக்குதா?"

"நிக்குதுக்கா."

இருபது முகப் பகடை உருண்டது. பதினெட்டு. பிடித்துவிட்டாள் திருடி. மேசையே கத்தியது. கத்துவதற்குத் திறந்த தன் வாயை மூணாம் பதிப்பு அவசரமாக மூடிக்கொண்டார். அம்மாள் பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தினார். "உட்காருங்க. நாலு நாள்ல பழகிடும்."

அவர் உட்காரவில்லை. இன்றும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். மனைவியைக் கூட்டிப்போக வந்தேன் என்று சொல்லி இரண்டு மணி நேரம் முன்னதாகவே வருகிறார். மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு பகடைக்கும் பழைய விதிப்படி என்ன ஆகியிருக்கும் என்று முணுமுணுக்கிறார். கால் வலிக்கிறது என்று வீட்டில் புலம்புகிறாராம். பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

நல்லவேளை, நமக்கும் அந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறீர்களா? இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'கேலிச் சித்திரம் என்றால் அந்தக் காலத்தில் எழுதினார்களே, அது' என்று உங்களுக்கு எந்த வரியில் தோன்றியது? அதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.