டக்டக் ஐயாவின் கண்டென்சர்

வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் டக்டக் ஐயாவைப் போலத் தொல்லை பிடித்த மனுசனைக் காண ஏலாது. எட்டாம் வகுப்போடு நின்று, காலி வீதியில் மூன்று ஹாட்வெயார் கடை போட்டவன் சொல்கிறேன். ஆட்களை எடைபோட எனக்குத் தெரியும்.

கப்பலில் தந்தி அடித்து ஓய்ந்தவர். எங்கள் பிளாட்டில் என் தலைக்கு மேல் வீடு. பின்னேரமானால் தன் அமெச்சூர் ரேடியோவில் மோர்ஸ் அடிப்பார். தந்திச் சாவியை அமத்தினாலும் ‘டக்’, விட்டாலும் ‘டக்’. சுற்றியுள்ள ஸ்பீக்கரெல்லாம் சேர்ந்து கத்தும். கீழ் மண்டபத்தில் பெண்கள் மைக்கில் பஜனை பாடினால் இவர் தாளம் போடுவார். அதுவும் பிழையான தாளம். மற்ற ரேடியோக்காரரும் ஏசினார்களாம்.

பிளாட் கமிட்டித் தலைவர் நான்தானே. ரேடியோ திருத்துகிறவரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன்.

“சாவிக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்டென்சர் போட்டால் சத்தம் அடங்கும், ஐயா,” என்றார் அவர்.

“தெரியும். போடமாட்டன்.”

“ஏன் ஐசே, பஜனைக்குச் சம்பளம் கேட்கப்போறீரோ?” என்றேன்.

டக்டக் ஐயா சிரிக்கவில்லை. ஒரு விலாசம் தந்தார். “முதலாளி, நாளைப் பின்னேரம் கொட்டாஞ்சேனைக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ.”

போனேன். அவரோடு கப்பலில் இருந்த கூட்டாளி, மாதா படத்துக்குக் கீழே கட்டிலில் கிடந்தார். காது முற்றாகப் போய்விட்டது, கண்ணும் மங்கல். பக்கத்து ரேடியோவின் மூடி கழற்றிய ஸ்பீக்கர்க் கடதாசியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“மத்தவங்க அடிக்கிறது வழுக்கிட்டுப் போகுது அங்கிள்,” என்றாள் மகள். “மாமா அடிக்கிறதில மட்டுந்தான் அந்த ‘டக்’ இருக்கு, அதுதான் அப்பாட விரலுக்குத் தெரியும்.”

“இப்ப என்ன சொல்றாராம்?”

தகப்பன் முணுமுணுத்ததை அவள் சொன்னாள்: “பஜனை முதலாளி வந்திட்டாரான்னு மாமா கேக்கிறாராம்.”

அதற்குப் பிறகு பெண்கள் முறைப்பட்டபோதெல்லாம் அந்தச் சத்தம் லிஃப்டில் கோளாறு என்றேன். தலைவர் சொன்னால் ஆர் மறுப்பது?

போன மாதம் கொட்டாஞ்சேனைக்காரர் போய்விட்டார். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் பஜனை சுத்தமாகக் கேட்டது, ஒரு ‘டக்’கும் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேலே ஓடினேன். ஐயா அடித்துக்கொண்டுதான் இருந்தார். சாவியில் புதுக் கண்டென்சர்.

“இனி ஆருக்கு முதலாளி அந்தச் சத்தம்?”

“கழற்றும் ஐசே,” என்றேன். “எனக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்காது. ஆனால் நீர் மேலே இருக்கிறீர் என்று கீழே எனக்குத் தெரியவேணும்.”