சாக்கு அக்கா கேட்ட சாக்கு

பெங்களூரில் ஒரு கச்சேரியை ஒரே வார்த்தையில் நிறுத்தக்கூடியவர் ஒருவர்தான். மழைக்குக்கூட அந்தச் சக்தி கிடையாது. மழை வந்தால் நம் ஜனங்கள் நனைந்துகொண்டே ஆடுவார்கள்.

அவருடைய நிஜப் பெயர் ஆதார் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் சாக்கு அக்கா. திறந்தவெளி இசை விழாக்களில் குப்பையும் புகையும் சேராமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தோளில் துண்டு மாதிரி ஒரு கோணிச்சாக்கு எப்போதும் கிடக்கும். ஜெனரேட்டர்காரர்கள் அவரைக் கண்டால் மாமியாரைக் கண்டதுபோல எழுந்து நிற்பார்கள்.

ஒருமுறை பெரிய கிட்டார்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பாட்டிலோடு மேடையேறப் பார்த்தார். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு எவர்சில்வர் சொம்பைக் கையில் திணித்தார். அடுத்த கச்சேரிக்கு மனுஷன் தானே சொம்போடு வந்தார். இன்னொரு விழாவில் ஜிகினாக் காகிதம் இறைக்கும் மெஷினில் அக்கா சாமந்தி இதழ்களை நிரப்பிவிட்டார். கீபோர்டுக்குள் பூ விழுந்து ஒரு சுரம் எழவே இல்லை. வாசித்தவர் முறையிட்டதற்கு, மிச்சம் இருக்கிற சுரங்களை வைத்து வாசிக்கச் சொன்னார்.

அக்காவுக்குக் கோலார் தங்கவயல். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க ஊர்ல தங்கத்த எடுத்துக்கினு போயிட்டாங்கப்பா. மிச்ச மண்ணு மலையா நிக்குது. காத்தடிச்சா இன்னும் எங்க கண்ணுலதான் வுழுது" என்றார்.

போன வருஷம் நடந்த விழாவில் நான் அறிவிப்பாளன். போஸ்டரில் 'எல்லோருக்குமான இசை' என்று போட்டு, பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் வேலை செய்யும் பெண்களின் பறைக்குழுப் படத்தைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். பறையெல்லாம் நமக்கு வேண்டாம் என்று வீட்டில் சண்டை பிடித்த அந்தப் பெண்களின் அம்மாக்கள், போஸ்டரைப் பார்த்து மனசு மாறி, முதல் தடவையாகக் கேட்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நட்சத்திரப் பாடகரின் சவுண்ட் டெஸ்ட் இழுத்துக்கொண்டே போனது. அமைப்பாளர் பறைக்குழுவின் நேரத்தில் கை வைத்தார். அடுத்த வருஷம் கண்டிப்பாகத் தருகிறேன் என்றார்.

"எங்கம்மாவ இன்னொரு தபா கூட்டியார முடியாதுக்கா" என்று மட்டும் சொன்னாள், குழுத்தலைவி செல்வி.

அக்கா அமைப்பாளரிடம் போனார். "டீசல் வேணாம், பாட்டில் வேணாம், கரண்டே வேணாம். இதவிட க்ரீன் பேண்டு எங்கப்பா கிடைக்கும்?" என்று கேட்டார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று அவர் கும்பிட்டார். அக்கா மரத்தடிக்குப் போய்ச் சருகு பொறுக்க ஆரம்பித்தார். கோபத்தைக் குப்பையில் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை மயங்கும் நேரம். அந்த நட்சத்திரக் கன்னடப் பாடகர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார். அடுத்த அறிவிப்புக்காக மேடையோரம் மைக்கோடு நின்றேன். அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, பின்னால் இருந்த ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சாக்கு... சாக்கு."

என் மைக் உயிரோடு இருந்தது. மைதானம் முழுக்க அந்த வார்த்தை முழங்கியது. கன்னடத்தில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம்.

அந்தப் பாடகரிடம் போதும் என்று அதுவரை யாருமே சொன்னதில்லை போலிருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கிட்டாரைக் கீழே வைத்தார், தன் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அமைப்பாளர் அவர் பின்னால் ஓடினார்.

அப்போது மேடைக்குப் பின்னால் புகை வாசம். தெருவில் யாராவது இலையை எரித்தால் வண்டியை நிறுத்திச் சண்டை போடுகிற அக்கா, சாக்கிலிருந்த சருகை இரும்புச் சட்டியில் கொட்டித் தன் கையாலேயே தீ வைத்திருந்தார். சூடு காட்டினால்தான் பறைத்தோல் விறைத்துக் கணீரென்று பேசும். பெண்கள் சுற்றி நின்று காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"ஜெனரேட்டர நிறுத்தச் சொல்லு. இவங்கள மேல ஏத்து" என்றார் அக்கா.

ஏற்றினேன். முதல் அடி என் நெஞ்செலும்பில் விழுந்தது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, மைதானத்தின் கடைசி மூலைவரை அதிர்ந்தது. செல்வியின் அம்மா முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து ஆடினார்.

நடுவில் வேன் கதவு திறந்தது. பாடகர் வெளியே வந்து தாளம் போட்டபடி நின்றார். அமைப்பாளர் ஓடிவந்து, இவர்களை இறக்கிவிடட்டுமா என்று கேட்டார்.

"இன்னூ சாக்காகில்ல குரு" என்றார் பாடகர். இன்னும் போதவில்லையாம்.

அக்கா கன்னடத்தைத் தமிழைவிட வேகமாகப் பேசுவார் என்பது எனக்கு வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. மறுநாள் கேட்டேன்: "அக்கா, நேத்து நீங்க கேட்டது தமிழ் சாக்கா, கன்னட சாக்கா?"

"மைக்க ஆஃப் பண்ணாம வெச்சிருந்தது நீ" என்றார், சாம்பலைச் செடிக்குப் போட்டபடி.

இப்போதும் மேடைகளில் அவர் என் பக்கத்தில் வந்து நிற்பதுண்டு. மைக்கை நான் அணைப்பதில்லை.