கால்ட்டோ, வாமோ?

ஐரோப்பாவில் மொத்தம் எத்தனை நாடுகள் என்பதில் மந்திரிமாருக்குக்கூடச் சந்தேகம் வரலாம். எந்த நாட்டில் கூலிக்காரன் மாதக் கடைசியில் தலை நிமிர்ந்து நிற்பான் என்பதில் வாம் அண்ணைக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஜெர்மனியின் ஹம் நகரில், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் நிலையம் ஒன்றில் அவரும் நானும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான். மடிப்பதற்கு நெருங்கி வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் என் காதில் விழும்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஜெர்மனியில் வீட்டு வாடகை இரண்டு வகை. ஹீற்றர் செலவு சேராவிட்டால் ‘கால்ட்’, அதாவது குளிர் வாடகை. சேர்ந்தால் ‘வாம்’, சூட்டு வாடகை. யார் எந்த நாட்டு வாடகையைச் சொன்னாலும் அண்ணை கேட்கும் முதல் கேள்வி, “கால்ட்டோ, வாமோ?” அதில் பாதி அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

பாரிஸில் இருக்கும் தங்கச்சியிடமும் ஒருநாள் தொலைபேசியில் அதையேதான் கேட்டார்.

“இஞ்சை ஒரே மழை அண்ணை. நல்ல குளிர்” என்றாள் அவள்.

அவர் தயங்காமல் தன் கணக்குக் கொப்பியில் பிரான்சுக்கு நேரே ‘கால்ட்’ என்று எழுதிக்கொண்டார். பிரான்ஸ் ஒரு வருடம் முழுக்க அந்த மழையில் நனைந்தது.

சம்பளத்தை யூரோவில் சொன்னால் அவர் ஏற்கமாட்டார். “யூரோவை அவிச்சுத் தின்னேலுமோ? ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் எத்தினை முருங்கைக்காய் வரும், அதைச் சொல்லு.” தமிழ்க் கடை இல்லாத நாடுகள் அவருடைய ஐரோப்பாவில் இல்லை.

அவர் மன்னார்க் கத்தோலிக்கர். ஆனாலும் ஹம்மிலுள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. தேர் எந்தப் பக்கமாக வருகிறது என்று அவருக்குத் தெரியாது. கார்கள் நிற்கும் இடத்தில் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டு நடப்பார். வெளிநாட்டுக் கார் கண்ணில் பட்டால் அந்தக் குடும்பம் அர்ச்சனைக்குப் பிந்திவிடும். ஒருமுறை சுவிஸ்காரர் ஒருவர் தன் சம்பளத்தைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினார். அண்ணை அவர் தலையைப் பார்த்தார்.

“நேற்றுத்தானே தலைமயிர் வெட்டினனீங்கள்?”

“ஓம்.”

“எங்கை?”

“இஞ்சை, ஹம்மிலை.”

“ஏன், சுவிஸிலை கத்தரிக்கோல் இல்லையோ?”

சுவிஸ்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு லக்சம்பேர்க்கில் ஒரு வேலை சரிவந்தது. என் மனைவியின் மச்சான் ஒழுங்குபண்ணியது. அங்கேயும் துணி மடிக்கிற வேலைதான், ஆனால் சம்பளம் கூட. உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் லக்சம்பேர்க்கில்தான் என்று விரிப்புக்கு மேலாக நூறு தடவை சொன்னவர் அண்ணைதான். மனைவி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். திங்கட்கிழமை நான் முடிவு சொல்லவேண்டும். அங்கே பார்த்துவைத்த வாடகை வீட்டின் விளம்பரத்தைக் கொண்டுபோய் அண்ணையிடம் கொடுத்தேன்.

“ரெண்டு நாள் தா தம்பி” என்றார். அந்த இரண்டு நாளும் எந்த நாட்டைப் பற்றியும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தாளை நீட்டினார். வாடகை, பஸ், அரிசி, பிள்ளையின் சப்பாத்து எல்லாம் இருந்தன. லக்சம்பேர்க் மாதத்துக்கு ஒன்பது முருங்கைக்காயால் தோற்றிருந்தது.

அவருடைய கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை. லக்சம்பேர்க்குக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மனைவி மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு பேசியபோது, “இனி இந்த வீட்டிலை முருங்கைக்காய் சமைக்கமாட்டன்” என்றாள். சொன்னபடியே இன்றுவரை நடக்கிறாள்.

நாலு வருடம் கழித்து, ஒரு விண்ணப்பத்துக்காகப் பழைய கடிதங்களைக் கிளறியபோது அந்தத் தாள் அகப்பட்டது. லக்சம்பேர்க் பக்கத்தில் ‘வாடகை, வாம்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, தனியாக, ‘ஹீற்றர்’. ஐரோப்பா முழுவதையும் அந்தக் கேள்வியால் வாட்டி எடுத்த மனிதர் என் வீட்டுக்கு மட்டும் இரண்டு தடவை ஹீற்றர் போட்டிருந்தார்.

மறுநாள் தாளை அவருக்கு முன்னால் வைத்தேன்.

“அண்ணை, இது கால்ட்டோ, வாமோ?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டார். தாளைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, தன் பக்கத்து இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீ போயிருந்தால் அந்தப் பக்கத்தை ஆர் பிடிக்கிறது?”

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்தப் பக்கத்தைப் பிடித்தேன். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளும் அறியப்போகிறாள்.

அண்ணை போன வருடம் ஓய்வு பெற்றார். விரிப்பு மடிக்க இப்போது ஒரு இயந்திரம் வந்திருக்கிறது. நன்றாகத்தான் மடிக்கிறது, ஒரு சுருக்கமும் விழுவதில்லை. கிட்ட வரும்போது ஒன்றும் கேட்கிறதில்லை, அதுதான்.